கிட்டார் கலைஞரின் பயணப் பெட்டி: சிறு ஆம்ப்ளிஃபயரின் வரலாறு

மின்கிட்டார் தன்னளவில் முழுமையான இசைக்கருவி அன்று. சாதாரணக் கிட்டார் தன் மரக்கூட்டின் குடைவில் தந்தியின் அதிர்வைப் பெருக்கிக்கொள்கிறது. மின்கிட்டாரின் உடலோ பெரும்பாலும் திண்ணிய மரக்கட்டையால் ஆனது. எஃகுத் தந்திகளுக்கு அடியில் பதிக்கப்பட்ட பிக்கப் என்னும் உறுப்பு, அதாவது காந்தத்தைச் சுற்றி ஆயிரக்கணக்கான சுற்றுகளாக மெல்லிய செப்புக் கம்பி சுற்றப்பட்ட சுருள், தந்தியின் அசைவை மிகச் சிறிய மின்னலைகளாக மாற்றித் தருகிறது. அந்த மின்னலைகளைப் பெருக்கும் ஆம்ப்ளிஃபயரும், பெருகிய மின்னலைகளைக் காற்றின் அதிர்வாக மாற்றும் ஸ்பீக்கரும் சேர்ந்த பிறகே அங்கு இசை பிறக்கிறது. ஆகவே ஊர் ஊராகச் செல்லும் மின்கிட்டார் கலைஞர், கருவியின் ஒரு பாதியைத் தோளிலும் மறுபாதியைக் கையிலும் சுமக்க வேண்டியவராகவே தொடக்கம் முதல் இருந்துவந்திருக்கிறார். அந்த மறுபாதியைச் சுருக்க நடந்த முயற்சிகள் எடையைக் குறைத்த முயற்சிகளாகவே பொதுவாக எண்ணப்படுகின்றன. எடை பெருந்தடை என்பது உண்மை. எனினும் அதைவிடக் கடினமான தடை ஒன்று உண்டு. கலைஞர்கள் விரும்பிய நாதம், உரத்த ஓசையோடு பிரிக்க முடியாதபடி ஒட்டிக்கொண்டிருந்தது. விடுதி அறையில் நள்ளிரவில் வாசிப்பவருக்கு அந்த நாதம் வேண்டும், அந்த உரப்பு கூடாது. சிறு ஆம்ப்ளிஃபயரின் வரலாற்றில் மெய்யான திருப்பங்கள் எல்லாம் இந்த இரண்டையும் பிரித்தெடுக்க முயன்றபோதே நிகழ்ந்தன.

அமெரிக்காவின் கலிபோர்னியாவில் ஜார்ஜ் பூஷாம்ப் என்பவர் உருவாக்கி, அடால்ஃப் ரிக்கன்பேக்கரோடு சேர்ந்து 1932 முதல் விற்பனைக்குக் கொண்டுவந்த அலுமினிய மின்கிட்டார், மடியில் கிடத்தி வாசிக்கும் ஹவாய் வகைக் கருவி. அக்காலத்தில் இத்தகைய கருவிகளும் அவற்றுக்கான ஆம்ப்ளிஃபயர்களும் பெரும்பாலும் ஒரே தொகுதியாக விற்கப்பட்டன. கிப்சன் நிறுவனம் 1930களின் நடுவில் வெளியிட்ட இஎச்-150 வரிசையும் அவ்வாறே அமைந்தது. 1939இல் பென்னி குட்மேனின் ஜாஸ் குழுவில் சேர்ந்து, கிட்டாரைத் தாளத்துணை என்ற நிலையிலிருந்து தனி வாசிப்புக்கு உயர்த்திய சார்லி கிறிஸ்டியன் பயன்படுத்திய ஆம்ப்ளிஃபயர் இந்த வரிசையைச் சேர்ந்ததே. தொடக்க கால ஆம்ப்ளிஃபயர்களின் தோற்றமே அவற்றின் நோக்கத்தைக் காட்டும்: மேலே கைப்பிடி, மூலைகளில் காப்பு, மேற்பரப்பில் பயணப் பெட்டிகளுக்குப் பயன்படும் துணி. பிற்காலத்தில் ஃபெண்டர் நிறுவனத்தின் அடையாளமாகிவிட்ட வைக்கோல் நிறத் துணியும் பெட்டி செய்வோரிடமிருந்து வந்த துணிதான். சுமந்து செல்வதற்கென்றே அவை செய்யப்பட்டன. ஆயினும் சேரும் இடத்தில் சுவரில் மின்சாரம் இருக்க வேண்டும் என்ற நிபந்தனை அவற்றோடு கூடவே வந்தது.

அந்த நிபந்தனைக்குக் காரணம் வால்வு. வெற்றிடமாக்கப்பட்ட கண்ணாடிக் குழாயினுள் ஓர் இழையைச் சூடாக்கி, அதிலிருந்து வெளிப்படும் எலக்ட்ரான்களின் ஓட்டத்தை இடையிலுள்ள கம்பி வலையால் கூட்டியும் குறைத்தும் மின்னலையைப் பெருக்குவது வால்வின் முறை. இதற்கு இருவகை மின்சாரம் வேண்டும்: இழையைச் சூடாக்கத் தாழ்ந்த வோல்ட்டில் மிகுந்த ஓட்டமும், எலக்ட்ரான்களை இழுக்க நூற்றுக்கணக்கான வோல்ட் அழுத்தமும். கலிபோர்னியாவின் ஃபுல்லர்டன் நகரில் வானொலி பழுதுபார்க்கும் கடை நடத்திவந்த லியோ ஃபெண்டர், 1940களின் இறுதியில் தொடங்கிய சேம்பியன் வரிசையும், அதிலிருந்து வளர்ந்து 1950களில் நிலைபெற்ற சேம்ப் என்னும் 5 வாட் ஆம்ப்ளிஃபயரும் இவ்வகையில் மிகச் சிறியவை. சேம்ப்பில் மூன்றே வால்வுகள் இருந்தன. அவற்றின் இழைகளைச் சூடாக்க மட்டும் ஆகும் மின்திறனைக் கணக்கிட்டால், மாறுமின்னோட்டத்தை நேர்மின்னோட்டமாக்கும் 5ஒய்3 வால்வுக்கு 10 வாட், ஒலியை வெளியிடும் 6வி6 வால்வுக்கு ஏறத்தாழ 3 வாட், முதற்பெருக்கம் செய்யும் 12ஏஎக்ஸ்7 வால்வுக்கு ஏறத்தாழ 2 வாட் என 15 வாட்டை எட்டுகிறது. 5 வாட் ஒலிக்காக 15 வாட்டை வெறும் வெப்பமாக எரிக்கும் ஒரு கருவியை ஆறு பென்டார்ச் செல்களில் இயக்க முயன்றால், அவை ஒன்றரை மணி நேரம்கூடத் தாங்கமாட்டா. இதனோடு, மின்வழங்கலுக்கு ஒன்றும் ஸ்பீக்கருக்கு ஒன்றுமாக இரும்புத் தகடும் செப்புக் கம்பியும் கொண்ட இரு மின்மாற்றிகள் தேவைப்பட்டன; பெட்டியின் எடையை அவை கணிசமாகக் கூட்டின. முதல் மின்மாற்றியைக் கைவிட்டு, வால்வு இழைகளை ஒன்றன்பின் ஒன்றாகத் தொடுத்துச் சுவர் மின்சாரத்தோடு நேரே இணைத்த மலிவான சிறு ஆம்ப்ளிஃபயர்களும் விற்கப்பட்டன. எடையும் விலையும் அதனால் குறைந்தன; ஆனால் பெட்டியின் உலோகச் சட்டமும், அதன் வழியே கிட்டார் தந்திகளும், வாசிப்பவரின் விரல்களும் சுவர் மின்சாரத்தோடு தொடர்புகொள்ளும் அபாயம் அவற்றில் இருந்தது. சிக்கனத்துக்காகக் கலைஞரின் உயிரைப் பணயம் வைத்த அந்த வடிவமைப்பை எந்தக் காரணத்தாலும் நியாயப்படுத்த முடியாது.

சுவர் மின்சாரத்தைச் சார்ந்திருந்ததன் சிரமத்தைத் தெருக் கலைஞர்களே மிகுதியாக உணர்ந்தனர். அமெரிக்கத் தென்பகுதியிலிருந்து சிகாகோவுக்குக் குடிபெயர்ந்த கறுப்பின மக்களிடையே மின்கிட்டார் வழியாகப் புதிய ப்ளூஸ் இசை உருவான ஆண்டுகளில், அந்நகரின் மேக்ஸ்வெல் தெருவில் ஞாயிறுதோறும் கூடிய திறந்தவெளிச் சந்தை அவர்களின் மேடையாக விளங்கியது. அருகிலுள்ள வீடுகளிலிருந்தும் கடைகளிலிருந்தும் நீண்ட மின்கம்பிகளை இழுத்து, அதற்காக வீட்டாருக்குச் சிறு தொகை கொடுத்து, சந்தை இரைச்சலை மீறி ஒலிக்கும்படி அவர்கள் வாசித்தனர். கலைஞர் நிற்கும் இடத்தை அந்தக் கம்பியின் நீளமே வரையறுத்தது.

இங்கே சிறு வால்வு ஆம்ப்ளிஃபயரின் சிறப்பு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஒரு வால்வு தன் திறனின் எல்லைக்கு மேல் தள்ளப்படும்போது மின்னலையின் முகடுகள் முழுமையாக எழாமல் மெல்ல மழுங்குகின்றன. அதனால் மூல சுரத்தோடு அதன் மடங்குகளான மேற்சுரங்கள் பல கூடுதலாகப் பிறக்கின்றன. பொறியியலாளர் இதைச் சிதைவு என்று குறித்து நீக்க முயன்றனர். கலைஞர்களுக்கோ அந்தச் சிதைவு, தந்தியின் ஒலியை நீட்டித்து அதற்கு மனிதக் குரலின் கரகரப்பைத் தருவதாகத் தோன்றியது. ராக் இசையின் நாதம் பெரிதும் இதன்மேல் கட்டப்பட்டது. பெரிய ஆம்ப்ளிஃபயரில் அந்த நிலையை அடையக் காது தாங்காத உரப்பு வேண்டும். 5 வாட் ஆம்ப்ளிஃபயர் மிதமான உரப்பிலேயே அங்கு வந்துவிடும். ஆகவே, மாணவர்களுக்கென்று விலை குறைத்து விற்கப்பட்ட சேம்ப், ஒலிப்பதிவுக் கூடங்களில் விரும்பி ஏற்கப்பட்டது. எரிக் கிளாப்டன் 1970இல் மயாமியில் பதிவுசெய்த லைலா இசைத்தொகுப்பில் கேட்கும் செறிந்த கிட்டார் ஒலி, மேடைக்குரிய பெரிய பெட்டிகளிலிருந்து அன்றி, இத்தகைய சிறு ஃபெண்டர் பெட்டிகளிலிருந்து வந்ததாகும்.

ஆம்ப்ளிஃபயரையும் கிட்டாரையும் ஒரே சுமையாக்கும் எண்ணம் 1962இல் ஓர் அழகிய வடிவம் பெற்றது. நியூ ஜெர்சியில் டேனலெக்ட்ரோ நிறுவனத்தை நடத்திய நேதன் டேனியல், அஞ்சல்வழி விற்பனையில் புகழ்பெற்ற சியர்ஸ் நிறுவனத்துக்காக, சில்வர்டோன் என்ற பெயரில், கிட்டார் வைக்கும் உறைப்பெட்டியினுள்ளேயே 3 வாட் வால்வு ஆம்ப்ளிஃபயரையும் 5 அங்குல ஸ்பீக்கரையும் பொருத்தினார். பெட்டியைத் திறந்து கிட்டாரை எடுத்துவிட்டு நிமிர்த்தி வைத்தால் அதுவே ஆம்ப்ளிஃபயர். கிட்டாரின் உடல், மரக்கூழை அழுத்திச் செய்த மேசனைட் பலகையால் ஆனது. பிக்கப்புகள் உதட்டுச்சாயக் குழல்களில் அடைக்கப்பட்டவை. விலை எழுபது டாலருக்குள் அடங்கிற்று. சியர்ஸ் பட்டியலைப் புரட்டி, பெற்றோரிடம் கேட்டு இதை வாங்கிய சிறார்களில் பலர் பிற்காலத்தில் தொழில்முறைக் கலைஞர்களாயினர் என்பதால், அதன் மதிப்பு விலையால் அளக்கக்கூடியது அன்று. ஆனால் இதற்கும் சுவர் மின்சாரம் வேண்டும்.

வால்வின் பிடியிலிருந்து விடுதலை தந்தது டிரான்சிஸ்டர். 1947 டிசம்பரில் பெல் ஆய்வுக்கூடத்தில் பிறந்த இச்சிறு குறைகடத்தி உறுப்புக்குச் சூடாக்கும் இழை தேவையில்லை. 9 வோல்ட் அழுத்தமே அதற்குப் போதும். 1954இல் நான்கு டிரான்சிஸ்டர்களோடு வெளிவந்த ரீஜென்சி வானொலி சட்டைப் பையளவுக்குச் சுருங்கியபோதே, அதே மின்சுற்றால் கிட்டாரையும் ஒலிக்கச் செய்யலாம் என்பது தெளிவாகிவிட்டது. ஆயினும் கிட்டார் கலைஞர்கள் தயங்கினர். அந்தத் தயக்கத்தை வெறும் பழமைப்பற்று என்று ஒதுக்குவது தவறு. எல்லை மீறும்போது டிரான்சிஸ்டர் மின்னலையின் முகட்டை மழுக்காமல் வெட்டிவிடுகிறது. அதனால் எழும் மேற்சுரங்கள் காதைக் குத்துபவை. சுமை குறைந்தது, நாதமும் குறைந்தது என்பதே பலரின் அனுபவமாயிற்று.

அந்த அனுபவத்தை மாற்றியமைத்தது 1970களின் தொடக்கத்தில் வந்த பிக்நோஸ். ரிச்சர்ட் எட்லண்ட், வெய்ன் கிம்பெல் ஆகிய இருவர் உருவாக்கிய இப்பெட்டி, ஓர் உணவுப் பெட்டியின் அளவே உடையது. ஆறு பென்டார்ச் செல்களில் இயங்கி, 5 அங்குல ஸ்பீக்கர் ஒன்றின் வழியே 5 வாட் அளவில் ஒலிப்பது. முகப்பில் பன்றி மூக்கின் வடிவில் ஒரே ஒரு குமிழ். உரப்பைக் கூட்டவும் குறைக்கவும், பெட்டியை இயக்கவும் நிறுத்தவும் அதுவே. தாழ்சுரத்தையும் உயர்சுரத்தையும் தனித்தனியே திருத்தும் குமிழ்கள் எவையும் இல்லை. அவற்றின் வேலையைப் பெட்டியே செய்தது: கீல் பொருத்தப்பட்ட அதன் இரு பாதிகளையும் மூடி வைத்தால் ஒலி அடங்கிக் குறுகும், சிறிது திறந்தால் தாழ்சுரம் பெருகும், முழுதும் விரித்தால் நாதம் அகலும். இருபுறமும் குமிழாணிகள் இருந்ததால் கிட்டார் வாரைக் கோத்துத் தோளில் மாட்டிக்கொள்ளவும் முடிந்தது. ஒலியை வெளியிடும் டிரான்சிஸ்டர்கள், பழைய டிரான்சிஸ்டர் வானொலிகளில் இருந்தது போலவே, சிறு மின்மாற்றிகள் வழியாக இணைக்கப்பட்டிருந்தன; முழு உரப்பில் அப்பெட்டி தந்த கரகரப்பில், மற்ற டிரான்சிஸ்டர் பெட்டிகளில் இல்லாத ஓர் இதம் இருந்ததாகக் கலைஞர்கள் உணர்ந்தனர். ஃப்ராங்க் ஸாப்பா அதை ஒலிப்பதிவுக் கூடத்துக்கே கொண்டுசென்று, 1970களின் தம் இசைத்தட்டுகளில் பயன்படுத்தினார். ஒலிவாங்கியின் முன்னால் வைக்கப்பட்டுவிட்டால், கேட்பவர் காதுக்குப் பெட்டியின் அளவு தெரியாது என்பதை அவரைப் போன்றவர்கள் காட்டினர். வடிவமைப்பாளர்களில் ஒருவரான எட்லண்ட் பின்னர் ஸ்டார் வார்ஸ் திரைப்படத்தின் காட்சித் தந்திரங்களுக்காக ஆஸ்கர் விருது பெற்றவர். சிறு மாதிரிகளைக் கொண்டு பேருருவங்களைக் காட்டும் அக்கலையில் அவர் அடைந்த தேர்ச்சியை எண்ணும்போது, பிக்நோஸின் பிறப்பு தற்செயலானது என்று தோன்றவில்லை.

5 வாட் என்பது அற்பமாகத் தோன்றலாம். ஆனால் மனிதக் காது உரப்பை மின்திறனின் நேர்விகிதத்தில் உணர்வதில்லை. திறன் பத்து மடங்கு கூடினால்தான் உரப்பு ஏறத்தாழ இரு மடங்காகத் தோன்றும். அதனால் 50 வாட் பெட்டியின் முன் 5 வாட் பெட்டி பாதி உரப்புடையதாகவே கேட்கும். சிறு ஸ்பீக்கரின் மெய்யான குறை வேறிடத்தில் உள்ளது. கிட்டாரின் மிகத் தடித்த தந்தி வினாடிக்கு ஏறத்தாழ 82 முறை அதிர்கிறது. அவ்வளவு தாழ்ந்த அதிர்வைக் காற்றில் எழுப்பும் அளவுக்கு 5 அங்குலத் தாள்கூம்பு காற்றைத் தள்ளுவதில்லை. அதன் மடங்குகளான மேற்சுரங்களைக் கேட்டு மனமே அந்தத் தாழ்சுரத்தை ஊகித்து நிரப்பிக்கொள்கிறது. சிறு ஆம்ப்ளிஃபயர்கள் அனைத்தும் செவியின் இந்தக் கொடையை நம்பியே வாழ்கின்றன.

பிக்நோஸ் எடையையும் மின்சாரச் சார்பையும் தீர்த்தது. பக்கத்து அறைக்காரரின் தூக்கத்தைக் காக்கும் வழி அதில் இல்லை. அதை நோக்கிப் பணியாற்றியவர் டாம் ஷோல்ஸ். மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் இயந்திரப் பொறியியல் பயின்று, போலராய்டு நிறுவனத்தில் பணிபுரிந்துகொண்டே, வீட்டின் அடித்தளத்தில் தாமே அமைத்த பதிவுக்கூடத்தில் பாஸ்டன் குழுவின் 1976ஆம் ஆண்டு முதல் இசைத்தட்டின் பெரும்பகுதியை உருவாக்கியவர் அவர். அவருடைய நிறுவனத்தின் முதல் பொருளான பவர் சோக், ஆம்ப்ளிஃபயருக்கும் ஸ்பீக்கருக்கும் இடையில் அமர்ந்து, மின்திறனின் பெரும்பகுதியை வெப்பமாக மாற்றி, வால்வுகளை எல்லை வரை தள்ளியும் அறையில் மெல்லொலி மட்டுமே எழச் செய்தது. நாதத்தை உரப்பிலிருந்து பிரிக்கலாம் என்பதற்கு அது கைக்கெட்டிய சான்று. அடுத்து 1982இல் வந்த ராக்மேன், ஸ்பீக்கரையே நீக்கிவிட்டது. சோனியின் வாக்மேன் 1979இல் பழக்கிவிட்ட ஹெட்ஃபோனை மாட்டி, இடுப்பில் செருகிக்கொள்ளும் சிறு பெட்டியில் கிட்டாரை இணைத்தால், எட்டு பென்டார்ச் செல்களின் துணையோடு முழு மேடையின் நாதம் காதுக்குள் மட்டும் ஒலித்தது.

ராக்மேனின் சாதனையை விளங்கிக்கொள்ள, கிட்டார் ஸ்பீக்கரின் இயல்பை அறிய வேண்டும். அது எல்லாச் சுரங்களையும் சமமாக ஒலிப்பதில்லை. வினாடிக்கு 5,000 அதிர்வுகளுக்கு மேற்பட்டவற்றைப் பெரிதும் விழுங்கிவிடுகிறது. அந்த விழுங்கலால்தான் சிதைவின் முட்கள் மறைந்து இதம் எஞ்சுகிறது. உயர்சுரங்களையும் ஒளிக்காமல் தரும் ஹெட்ஃபோனில் கிட்டாரை நேரே இணைத்தால் தேனீக் கூட்டத்தின் இரைச்சலே கேட்கும். ஷோல்ஸ் ஸ்பீக்கரும் அதன் பெட்டியும் ஒலிவாங்கியும் சேர்ந்து செய்யும் திருத்தத்தை மின்வடிகட்டிகளால் செய்தார். அதன்மேல், மின்னலையை நூற்றுக்கணக்கான மின்தேக்கிகள் ஒன்றிலிருந்து ஒன்றுக்குக் கைமாற்றித் தாமதப்படுத்தும் சில்லுகளின் உதவியால், பெரிய மண்டபத்தின் எதிரொலியையும் இரு காதுகளுக்கிடையே அலையும் அகலத்தையும் சேர்த்தார். பயிற்சிக்கென்று பிறந்த அப்பெட்டியை நேரே பதிவுக் கருவியில் இணைத்துப் பலர் இசைத்தட்டு செய்தனர்; டெஃப் லெப்பர்ட் குழுவின் 1987ஆம் ஆண்டு ஹிஸ்டீரியா தொகுப்பின் பளபளப்பான கிட்டார் ஒலி ராக்மேனின் வழி வந்ததே. அந்த ஒலியில் காற்று இல்லை என்று குறைகூறியோரும் உண்டு. குறை நியாயமானது, ஆயினும் ஒரு தலைமுறை முழுவதன் செவியையும் அது பழக்கிவிட்டது.

மறுபுறம், எட்டு கால்கள் கொண்ட எல்எம்386 என்னும் மலிவான சில்லு, 9 வோல்ட் பேட்டரி ஒன்றோடு அரை வாட்டுக்கும் குறைவான ஒலியைத் தந்து, ஆம்ப்ளிஃபயர் செய்வதை எவரும் மேசைமேல் முயலக்கூடிய கைத்தொழிலாக்கியது. ப்ரூஸ் ஸிங்கி செய்த ஸ்மோக்கி என்னும் பெட்டி உண்மையான சிகரெட் அட்டைப் பெட்டிக்குள்ளேயே அடங்கியது. ஆளுயர ஸ்பீக்கர் அடுக்குகளால் 1960களில் பெயர்பெற்ற மார்ஷல் நிறுவனமும் அதே அடுக்கின் உருவத்தை உள்ளங்கையளவுக்குக் குறைத்து, 1 வாட் திறனோடு விற்றது.

பழைய ஆம்ப்ளிஃபயர்களின் நடத்தையைக் கணக்காக மாற்றும் முறை 1990களில் வந்தது. கிட்டாரின் மின்னலையை வினாடிக்குப் பல்லாயிரம் முறை அளந்து எண்களாக்கி, ஒரு குறிப்பிட்ட வால்வு அவ்வலையை எவ்வாறு வளைத்திருக்கும், ஒரு குறிப்பிட்ட ஸ்பீக்கர் எவ்வாறு வடிகட்டியிருக்கும் என்பதை உடனுக்குடன் கணித்து, மீண்டும் மின்னலையாக்குவது இதன் சாரம். 1998இல் லைன் 6 நிறுவனம் வெளியிட்ட பாட் என்னும் சிவப்பு நிறக் கருவி இதைப் பரவலாக்கிற்று. பிறகு ரோலண்டின் மைக்ரோ கியூப், ஆறு பென்டார்ச் செல்களும் 5 அங்குல ஸ்பீக்கரும் 2 வாட் திறனும் கொண்ட பெட்டிக்குள் பல வகை ஆம்ப்ளிஃபயர்களின் சாயலை வைத்தது. பிக்நோஸின் அளவுகளே ஏறத்தாழ மீண்டும் வந்தன. ஆனால் இம்முறை மெல்ல வாசிக்கும்போதும் முழு உரப்பின் கரகரப்பு கிடைத்தது. 2007இல் வாக்ஸ் நிறுவனம் கிட்டாரின் துளையிலேயே செருகும் விரல்நீள ஆம்ப்ளக்கைக் கொண்டுவந்தது. 2011இல் யமஹா வெளியிட்ட டிஎச்ஆர் வரிசையோ, மேடைக்கும் பதிவுக்கூடத்துக்கும் அடுத்து வீட்டில் வாசிப்பதற்கு ஒரு தனி ஆம்ப்ளிஃபயர் வேண்டும் என்ற எண்ணத்தின்மேல் எழுந்தது. பயிற்சிப் பெட்டி என்பது பெரிய பெட்டியின் ஏழை உறவு என்ற கருத்து அங்கே முடிவுக்கு வந்தது எனலாம்.

1991இல் சந்தைக்கு வந்த லித்தியம் அயனி பேட்டரி பின்னர் இப்பெட்டிகளிலும் குடியேறி, செல்களை வாங்கி மாற்றும் வேலையைப் பெரிதும் ஒழித்தது. ஆனால் விமானப் பயணத்தில் புதிய வரம்பொன்றைச் சேர்த்தது. 100 வாட்-மணிக்கு உட்பட்ட பேட்டரிகளையே பயணிகள் பொதுவாகத் தனி அனுமதியின்றிக் கொண்டுசெல்லலாம் என்பதும், தனியே எடுத்துச் செல்லும் மாற்று பேட்டரிகள் கைப்பையில்தான் இருக்க வேண்டும் என்பதும் இன்று கலைஞர்கள் அறிந்திருக்க வேண்டிய விதிகள். கைபேசியிலிருந்து புளூடூத் வழியே பாடலை ஒலிக்கவிட்டு அதனோடு சேர்ந்து வாசிப்பது இப்போது இயல்பாகிவிட்டது. கிட்டாரின் ஒலியை மட்டும் அந்த வழியில் அனுப்ப முடிவதில்லை. சாதாரணப் புளூடூத்தில் ஒலி வினாடியில் பத்தில் ஒரு பங்கோ அதற்கு மேலோ தாமதமாக வந்து சேர்வதால், விரலுக்கும் செவிக்கும் இடையே வாசிக்க இயலாத இடைவெளி விழுகிறது. அதனால் கிட்டாருக்கென்றே செய்யப்பட்ட கம்பியற்ற ஹெட்ஃபோன் வகைகள் தமக்கெனத் தனி வானலை இணைப்பை வைத்திருக்கின்றன.

இத்தனைக்குப் பிறகும் ஹெட்ஃபோனால் தர முடியாத ஒன்று உண்டு. ஸ்பீக்கரிலிருந்து எழும் காற்றதிர்வு கிட்டாரின் தந்தியைத் திரும்பத் தொட்டு அதை மேலும் அதிரச் செய்கிறது. அவ்வாறு தானே தன்னை ஊட்டி நீளும் சுரத்தை, நிற்கும் இடத்தையும் கிட்டாரின் கோணத்தையும் மாற்றிக் கட்டுப்படுத்துவது மின்கிட்டார் வாசிப்பின் நுட்பங்களில் ஒன்று. காதோடு முடிந்துவிடும் ஒலிக்குத் தந்தியை எட்டும் வழி இல்லை. கணிப்பு முறை எவ்வளவு நுண்ணியதாக வளர்ந்தாலும், பயணம் செல்லும் கலைஞர்களில் பலர் சட்டைப் பையில் அடங்கும் செருகியோடு 5 அங்குல ஸ்பீக்கர் கொண்ட ஒரு பெட்டியையும் இன்னும் எடுத்துச் செல்வதற்கும், பன்றி மூக்குக் குமிழோடு கூடிய பழைய பெட்டி பல பத்தாண்டுகளாக விற்பனையில் நீடித்ததற்கும் இதுவும் ஒரு காரணம்.